ஓதற்பிரிவும் பொருள்வயிற் பிரிவும்

பட்டமளிப்பு விழாவன்று பட்டதாரி அணியும் நீண்ட அங்கி அவருக்குச் சொந்தமானதன்று. அஃது இரவலாகப் பெற்றது. குறித்த நாளுக்குள் அதனை மடித்துத் திருப்பித் தந்துவிட வேண்டும். கையில் எஞ்சுவன ஒரு சான்றிதழும் சில நிழற்படங்களுமே. படத்தைச் சட்டமிட்டு வீட்டின் கூடத்தில் மாட்டுகின்றனர். வந்தவரும் போனவரும் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். ஆயின், அந்த விழாவுக்கு மறுநாள் தொடங்குகின்ற வாழ்க்கையை எவரும் படம் பிடிப்பதில்லை. அதனைக் குறித்துப் பள்ளியிலும் பேசுவதில்லை, வீட்டிலும் பேசுவதில்லை.

மலேசியாவில் ஒரு பிள்ளை ஏழாம் வயதில் தொடக்கப்பள்ளியில் காலடி வைக்கிறது. அங்கே ஆறு ஆண்டுகள். இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள். ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷன் வகுப்பிலோ ஓரிரண்டு ஆண்டுகள். பல்கலைக்கழகத்தில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். ஆகப் பதினைந்து முதல் பதினேழு ஆண்டுகள் வரை, அந்தப் பிள்ளையின் நாளை வேறொருவரே வகுத்துக் கொடுக்கிறார். எப்போது எழுவது, எதனைப் படிப்பது, எந்த நாளில் எதனை ஒப்படைப்பது என்பன எல்லாம் ஓர் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். அடுத்த படி எது என்ற ஐயம் எழுவதே இல்லை. ஐந்தாம் ஆண்டுக்குப் பின் ஆறாம் ஆண்டு, அவ்வளவுதான். பட்டம் பெற்ற மறுநாள் அந்த அட்டவணை வெறுமையாகிவிடுகிறது. அடுத்த வகுப்பு என்று ஒன்று இல்லை. அந்த வெறுமையைத் தன் கையாலேயே நிரப்பக் கற்றுக்கொள்வதுதான் வளர்ந்தோர் வாழ்க்கையின் முதற்பாடம் எனலாம்.

தமிழ் இலக்கணம் பிரிவுகளை வகைப்படுத்தியிருக்கிறது. தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களுள் ஓதற்பிரிவு ஒன்று. பொருள்வயிற் பிரிவு மற்றொன்று. கல்விக்காகப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது என்று தொல்காப்பியத்தின் கற்பியல் எல்லையும் வகுக்கிறது. இன்றைய பட்டப்படிப்புக்கும் ஏறத்தாழ அதே கால அளவு அமைந்திருப்பது வியப்பன்றோ! ஆனால், இன்று பிரிபவர் தலைவனும் தலைவியும் அல்லர்; பெற்றோரும் பிள்ளைகளும். ஓதச் சென்றவர் ஓதி முடித்ததும் வீடு திரும்புவார் என்பதே மரபு. இன்றைய பிள்ளையோ ஓதற்பிரிவு முடிந்த அன்றே பொருள்வயிற் பிரிவில் புகுந்துவிடுகிறது. இன்றைய வாழ்வில் இந்த இரண்டாம் பிரிவுக்கு எல்லை இல்லை.

இந்த நாட்டுத் தமிழருக்குப் பல்கலைக்கழகக் கல்வி எளிதாக வாய்த்ததன்று. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றியது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1950-களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ நாளிதழின் வழியாக வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். உழைத்துக் களைத்த எளிய மக்கள் தம் சிறு கூலியிலிருந்து அந்நிதிக்குக் கொடுத்தனர். தாம் ஒருநாளும் நுழையப் போகாத ஒரு கட்டடத்துக்காக, தாம் படிக்கப் போகாத நூல்களுக்காக அவர்கள் கொடுத்தனர். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. 1959-இல் அது கோலாலம்பூருக்கு மாறியது. அக்காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஒருவர் பட்டதாரியானால், அது தோட்டத்துக்கே திருவிழா. பட்டம் பெற்றவர் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ ஆவார் என்பதில் ஐயம் இருந்ததில்லை. இன்று பல்கலைக்கழகங்கள் பல்கின; பட்டதாரிகளும் பல்கினர். பட்டம் இன்று கதவைத் திறக்கும் திறவுகோல் அன்று. கதவைத் தட்டுவதற்கான உரிமை மட்டுமே.

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு அருகில் வளர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டுவதில்லை, அவளைப் போன்றோர் பலர். அவளுடைய பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் சீவியவர். தந்தையார் லாரி ஓட்டுநர்; தாயார் தொழிற்சாலை ஊழியர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் படியேறிய முதல் ஆள் அவள்தான். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றாள். தோட்டத்துப் பெண்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பற்றி இறுதியாண்டில் ஒரு சிற்றாய்வு செய்தாள். முதுகலைக்கும் அதனையே தொடர வேண்டும் என்று அவளுடைய விரிவுரையாளர் வற்புறுத்தினார். அவளும் அவ்வாறே எண்ணியிருந்தாள். ஆனால், தம்பி ஆறாம் படிவத்தில் இருந்தான். தந்தையாருக்கு முதுகு வலி. முதலில் வேலை, பிறகு ஆய்வு என்று முடிவாயிற்று.

வேலைக்காகக் காத்திருந்த ஐந்து மாதங்களை அவள் எளிதில் மறக்கப்போவதில்லை. காலையில் தாயார் வேலைக்குப் போவார்; தந்தையார் போவார்; தம்பி பள்ளிக்குப் போவான். பட்டதாரி மட்டும் வீட்டில் இருப்பாள். உலை வைப்பாள், துணி உலர்த்துவாள், விண்ணப்பம் அனுப்புவாள். கோவிலுக்குச் சென்றாலும் கடைக்குச் சென்றாலும் அதே கேள்விதான். கேட்பவர்கள் பகைவர் அல்லர், அன்புடையவர்களே. ஆயினும் அந்த அன்பான கேள்வி முள்ளாய்க் குத்தியது. மாலையில் தாயார் சீருடையைக் கூடக் கழற்றாமல் கேட்பார்:

“கூப்புட்டாங்களா பாப்பா?”

“இன்னும் இல்லம்மா.”

“சரி, கூப்புடுவாங்க. நீ சாப்பிட்டியா?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டதில்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்விகளே அவளை உறங்கவிடாமல் செய்தன. காத்திருக்கும் காலத்தில் ஒரு பட்டதாரி தன் தகுதியின் மீதே ஐயுறத் தொடங்குகிறார். தேர்வில் தோற்றால் எங்கே தவறியது என்று தெரியும். பதிலே வராத விண்ணப்பத்தில் எங்கே தவறியது என்று தெரிவதில்லை. இது பல்கலைக்கழகத்தில் எவரும் பயிற்றுவிக்காத ஒரு தோல்வி.

முடிவில் கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 2,600 வெள்ளி. கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்தபோது வீடே மகிழ்ந்தது. முதல் மாத முடிவில் சம்பளச் சீட்டைக் கண்டபோதுதான் கணக்கு வேறு என்று புரிந்தது.

ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் 286 வெள்ளி பிடிக்கப்பட்டது. சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் ஏறத்தாழ இருபது வெள்ளி போயிற்று. எஞ்சியது 2,294. பெட்டாலிங் ஜெயாவில் வேறு மூன்று பெண்களோடு பகிர்ந்துகொண்ட வீட்டில் ஓர் அறைக்கு 550. உணவுக்கு 600. இரயிலுக்கு மாதச் சலுகை அட்டை 50. தொலைபேசிக்கும் பிற சில்லறைக்கும் 100. உயர்கல்விக் கடனுக்கு 170. வீட்டுக்கு 500. இவ்வளவும் போக மீந்தது 324 வெள்ளி. நோய், திருமண மொய், தீபாவளித் துணி, ஊருக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இலக்கியத் திறனாய்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவளுக்கு இந்த எளிய கூட்டல் கழித்தல் கணக்கு எந்தக் கோட்பாட்டையும்விடக் கடினமாக இருந்தது.

உயர்கல்விக் கடனைத் தரும் பி.டி.பி.டி.என். என்னும் அமைப்பு 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. அது தந்த பணம் இல்லையேல் அவளைப் போன்ற பிள்ளைகள் பலர் படித்திருக்கவே முடியாது. கடன் வாங்கும்போது வயது பத்தொன்பது. கையெழுத்திட்ட தாளைக் கூட முழுமையாகப் படிக்காத பருவம் அது. திருப்பிச் செலுத்தும்போதுதான் ஒவ்வொரு வெள்ளிக்கும் முகம் இருப்பது தெரிகிறது. எனினும், தவறாமல் செலுத்தினாள். தான் செலுத்தும் பணம் அடுத்து வரும் ஒரு பிள்ளையின் கட்டணமாகும் என்று எண்ணும்போது சுமை சிறிது குறைந்தது.

சேமநிதியைப் பற்றி அவளுக்கு விளக்கியவர் பொருளியல் பேராசிரியர் அல்லர். பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத பாட்டிதான். ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் வீடு. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது பாட்டிக்கு வேலையும் போயிற்று; வீடும் போயிற்று. அன்று கையில் இருந்தது சேமநிதிப் பணம் ஒன்றே. அதனைக் கொண்டுதான் மலிவு விலை வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டினார்கள்.

“புடிக்கிறாங்களேன்னு வருத்தப்படாத ஆயா. அது அவங்க எடுக்கறது இல்ல, ஒனக்கு ஒளிச்சு வைக்கறது,” என்றார் பாட்டி.

பாட்டியின் சொல்லைக் கேட்டபின் பேத்தி உட்கார்ந்து கணக்கிட்டாள். அவள் பங்கு 286. முதலாளி செலுத்தும் பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் 338. மொத்தம் 624. 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இத்தொகை மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கான 468 வெள்ளி ஓய்வுக் காலத்துக்கு. பதினைந்து பங்கான 93.60 வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு. பத்துப் பங்கான 62.40 எந்த நேரத்திலும் எடுத்துக்கொள்ளத்தக்கது. எடுக்க இயல்வதனாலேயே எடுத்துவிடக் கூடாது என்பதையும் அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்டாள். மூன்று தலைமுறைக்கு முன் தொடங்கிய ஒரு சேமிப்பின் பொருள் அன்றுதான் அவளுக்கு விளங்கியது.

அலுவலகம் வேறொரு பள்ளி. பல்கலைக்கழகத்தில் வினா எழுப்புபவருக்கு மதிப்பு உண்டு. ஒரு கருத்தை மறுத்து எழுதினால் மதிப்பெண் கூடும். அலுவலகத்திலோ வேலை குறித்த நேரத்தில் முடிந்ததா என்பதே வினா. அழகாக எழுதிய நீண்ட அறிக்கையை மேலாளர் படிக்கவில்லை. “ஒரு பக்கத்தில் தாருங்கள்” என்றார். முதல் மாதம் அவளுக்கு அது பெரும் அவமதிப்பாகத் தோன்றியது. அவளுக்குத் தொழில் கற்றுத் தந்தவர் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய ஒரு மலாய்ப் பெண்மணி. அனைவரும் அவரை அக்காள் முறை வைத்துக் ‘காக்’ என்று அழைப்பார்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கும், சினத்தோடு அழைக்கும் வாடிக்கையாளரை எவ்வாறு பேசவிட்டுக் கேட்பது, எந்தத் தாளில் கையெழுத்து விடுபட்டால் ஒரு விதவையின் இழப்பீடு மூன்று வாரம் தாமதமாகும் என்பன எல்லாம் அவருக்கு அத்துப்படி. அறிவு சான்றிதழோடு மட்டும் வருவதில்லை என்று அந்தப் பெண்மணியின் மேசைக்கு அருகில் அமர்ந்துதான் பட்டதாரி உணர்ந்தாள்.

தான் கற்ற தமிழால் இங்கே என்ன பயன் என்ற ஏக்கமும் நெடுநாள் இருந்தது. நாள் முழுதும் மலாயும் ஆங்கிலமுமே. ஒருநாள் பேராக்கிலிருந்து முதியவர் ஒருவர் அழைத்தார். தட்டுத் தடுமாறி மலாயில் தொடங்கினார். மனைவியின் இறப்புச் சான்றிதழ் என்ற இடத்தில் சொல் வராமல் நின்றுவிட்டார்.

“ஐயா, தமிழ்லயே சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

மறுமுனையில் சிறிது நேரம் ஓசை இல்லை. பிறகு, “நம்ம புள்ளையா? நல்லா இரும்மா,” என்ற குரல் கேட்டது. அன்று அரைமணி நேரம் அவர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுப் படிவத்தை நிரப்பினாள். செய்யுளும் உரையும் பயின்ற தமிழ் ஒரு முதியவரின் படிவத்துக்கும் பயன்படுவது தாழ்வன்று. கற்றது வீணாகவில்லை; அது வேறு வாயில் வழியாக வெளிவந்தது.

வளர்ந்தோர் வாழ்க்கையின் மற்றொரு கடுமையான பாடம் உறவினரிடம் மறுத்துச் சொல்வது. குடும்பத்தின் முதல் பட்டதாரியைப் பலரும் பெருமிதத்தோடு பார்க்கின்றனர். அந்தப் பெருமிதத்தோடு கோரிக்கைகளும் வருகின்றன. வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்வது, பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிவம் நிரப்புவது போன்றவற்றை அவள் மகிழ்வுடனே செய்தாள். ஆனால், வேலைக்கு வந்து ஓராண்டு ஆனபோது, கார் வாங்குவதற்குப் பிணைக் கையெழுத்துப் போடுமாறு சிற்றப்பா கேட்டார். சிறுவயதில் மழை நாள்களில் அவளைத் தம் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் அவர். இரண்டு இரவுகள் உறக்கம் இல்லை. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் பிணையாளரே கட்ட வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இத்தகைய பிணையாளரை நொடிப்பு நிலைக்கு உள்ளாக்குவதைத் தடுக்கிறது. ஆனால், கடன் பொறுப்பிலிருந்தே அவரை விடுவிப்பதில்லை. இறுதியில் நேரில் சென்று சொன்னாள்.

“சித்தப்பா, முன்பணத்துக்கு என்னால ஆனதைத் தர்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. தம்பி படிப்பு என் தலையில இருக்கு.”

சிற்றப்பா இரண்டு மாதம் பேசவில்லை. தைப்பூசத்தன்று கோவிலில் கண்டபோது, “சாப்பிட்டியாம்மா?” என்று அவரே முதலில் கேட்டார். உறவு முறியவில்லை, ஆனால், அதன் உருவம் மாறியிருந்தது. அதுவரை அவள் அவருக்குப் பிள்ளை. அன்று முதல் அவள் ஒரு பெரிய மனுஷி.

இவ்வாறு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டிருந்தபோது, ஒன்று மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. அது பாட்டியின் பாட்டு. பாட்டியிடம் இருந்த பாடல்களை எல்லாம் பதிவு செய்துவிட வேண்டும் என்று வேலைக்கு வந்த முதல் மாதமே எண்ணினாள். முதல் தீபாவளிக்கு இரண்டு நாள் விடுமுறைதான் கிடைத்தது, விருந்தினர் வந்தனர், நேரம் இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கே போக இயலவில்லை. இரண்டாம் தீபாவளிக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்றாள். பிற்பகலில் பாட்டியின் அருகில் அமர்ந்து கைத்தொலைபேசியைப் பதிவுக்கு வைத்தாள். பாட்டி பாடத் தொடங்கினார். மூன்றாம் அடி வந்தது. நான்காம் அடி வரவில்லை. மீண்டும் தொடங்கினார், மீண்டும் அதே இடத்தில் நின்றது.

“போன வருசம் கேட்டிருந்தா வந்திருக்கும் ஆயா. இப்பெல்லாம் நெனப்பு எங்கேயோ போயிருது.”

அந்த வாரத்தில் பதினொரு பாடல்கள் பதிவாயின. அவற்றுள் நான்கே முழுமையானவை. ஏனைய ஏழும் இடைமுறிந்தவை. அவற்றின் எஞ்சிய அடிகள் வேறு எந்த ஏட்டிலும் இல்லை; வேறு எவர் நாவிலேனும் இருக்குமா என்பதும் உறுதியில்லை.

இங்கேதான் மாணவ வாழ்க்கைக்கும் வளர்ந்தோர் வாழ்க்கைக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுமையாக வெளிப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் ஒவ்வொன்றுக்கும் இறுதி நாள் குறிக்கப்பட்டிருக்கும். நாள் நெருங்கும்போது நினைவூட்டுவோர் இருப்பர். வெளியில் வாடகைக்கு நாள் உண்டு; கடனுக்கு நாள் உண்டு; வேலைக்கு நாள் உண்டு. பாட்டியின் நினைவுக்கு நாள் குறித்தவர் எவரும் இல்லை. நாள் குறிக்கப்பட்டவை எல்லாம் குறிக்கப்படாதவற்றை விழுங்கிவிடுகின்றன. இவளைக் குறைகூற இயலுமா? தம்பியின் கட்டணமும் தந்தையாரின் மருந்தும் பொய்யல்ல. ஒரு கடமையை நிறைவேற்றியதற்கு மற்றொரு கடமை விலையாயிற்று. வளர்ந்தோர் வாழ்க்கையில் பெரும்பாலான தெரிவுகள் நல்லதற்கும் தீயதற்கும் இடையே நிகழ்வதில்லை. நல்லதற்கும் மற்றொரு நல்லதற்கும் இடையேதான் நிகழ்கின்றன. ஆகவேதான் அவை வலிக்கின்றன.

இதில் ஆசிரியர்களுக்கும் ஒரு பணி உண்டு. பல்கலைக்கழகத்தில் நுழைவது வரை மாணவரைத் தூக்கி நிறுத்தும் ஆசிரியர்கள் பலர். அதற்கு அப்பாலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்பவர் சிலரே. சேமநிதி, பிணை, இழப்பீடு, ஒப்பந்தம் ஆகிய சொற்கள் தமிழ் வகுப்புக்குப் புறம்பானவை அல்ல. சம்பளச் சீட்டு ஒன்றை வகுப்பில் வைத்துக் கட்டுரை எழுதச் சொன்னால், மொழியும் வளரும். பிள்ளையின் கண்ணும் திறக்கும். அதனினும் முதன்மையாக, வேலை கிடைக்காமல் காத்திருக்கும் பழைய மாணவரைக் கடைத்தெருவில் காணும் ஆசிரியர், “வேலை கிடைத்ததா?” என்று கேட்பதற்கு மாறாக, “இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியில், அவர் இன்னும் பயனுள்ளவர் என்ற நம்பிக்கை அடங்கியிருக்கிறது.

சுங்கை பட்டாணிப் பெண்ணின் வேலை இன்னும் அதே காப்புறுதி நிறுவனத்தில்தான். தம்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை அவள் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளில், பழைய தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய மூதாட்டியர் பலர் இருக்கின்றனர். அவர்களைத் தேடிச் சென்று பாடச் சொல்லிப் பதிவு செய்கிறாள். சென்ற மாதம் கிள்ளானில் ஒரு மூதாட்டி பாடிய தாலாட்டில், பாட்டிக்கு மறந்துபோன அந்த நான்காம் அடி இருந்தது. ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அதனைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். பாட்டி ஐந்தாம் அடியைத் தாமே சொன்னார்.